இரண்டு இரவுத் தஞ்சாவூர்: எதை விடுவது?

மல்லாவியில் இருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்:

"ஓகஸ்ட் விடுமுறையில் அம்மாவின் நேர்த்திக்காகத் திருநள்ளாறு போகிறோம். பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்கி, போகிற வழியில் தஞ்சாவூரில் இரண்டு இரவு நிற்கலாம் என்று எண்ணம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் நோ. மகள் பரதநாட்டியம் பழகுகிறாள். மகனுக்கு 13, கோயில் என்றாலே முகத்தைச் சுளிக்கிறான். நான் கணிதம் படிப்பிக்கிறேன், சரித்திரம் அவ்வளவாகத் தெரியாது. பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், திருவையாறு, சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம், முடிந்தால் சிதம்பரம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எப்படி ஒழுங்குபடுத்துவது? தஞ்சாவூர் ஓவியம் ஒன்று வாங்கி வரவும் ஆசை."

ரீச்சர், உங்கள் பட்டியலைப் பார்த்ததும் நான் முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன குழுதான் ஞாபகம் வந்தது. கிளிநொச்சியில் இருந்து முப்பத்தெட்டுப் பேர். ஒரே நாளில் ஏழு கோயில் காட்டுவோம் என்று நோட்டீஸ் அடித்திருந்தேன். காட்டவும் செய்தேன். இரவுச் சாப்பாட்டு மேசையில் வட்டக்கச்சி ஐயா ஒருவர் கேட்டார்: "தம்பி, அந்தத் தேர்ச்சில்லு வைச்ச கோயில் காலமை பாத்ததோ, பின்னேரம் பாத்ததோ?" எனக்கே சட்டென்று சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் அந்த நோட்டீசை அடிக்கவில்லை.

ஆகையால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். ஒன்பது இடத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதை விட்டுவிட்டு, எதை விடுவது என்று பார்ப்போம். சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், திருவையாறு, சுவாமிமலை நாலையும் இப்போதே வெட்டிவிடுங்கள். சிதம்பரத்துக்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும். கங்கைகொண்ட சோழபுரம் தஞ்சாவூரில் இருந்து எழுபது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது, அம்மாவின் முழங்காலோடு அந்த ஓட்டம் வேண்டாம். மிச்சப்படும் நேரத்தில் பெரிய கோயிலுக்கு இரண்டு தரம் போங்கள். ஒரு தரம் பின்னேரம், ஒரு தரம் விடியப்புறம். நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இரண்டு தரம்? சன்னிதி மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பூட்டினால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் வெளிமுற்றத்துக் கல்லில் கால் வைக்க இயலாது. எங்களுக்கு வெயில் புதிதில்லைத்தான். ஆனால் இரணைமடுக் கட்டில் ஒரு மணிக்கு வெறுங்காலோடு நடந்தவருக்குத் தெரியும், வெயில் வேறு, சுட்ட கல் வேறு. எல்லாருக்கும் மெல்லிய காலுறை ஒரு சோடி கைப்பையில் கிடக்கட்டும். சன்னிதிக்குள் போகும்போது கழற்றினால் போதும்.

முதல் நாள் விமானத்தால் இறங்கி, அறையில் சாமானை வைத்து, குளித்துவிட்டு, ஐந்து மணியளவில் போங்கள். அன்றைக்கு ஒன்றையும் 'பார்க்க' வேண்டாம். தஞ்சாவூர்ச் சனமும் அந்த நேரம்தான் பிள்ளைகளோடு வந்து முற்றத்தில் இருக்கும். அம்மாவையும் ஒரு பக்கம் இருத்திவிடுங்கள். வாசல் கிழக்கில், விமானம் (சன்னிதிக்கு மேல் எழும் பெரிய கோபுரம்) மேற்குப் பாதியில் என்பதால் பின்னேர வெயில் விமானத்தின் முதுகில் விழும். எல்லாரும் வாசலுக்கு நேரே நின்று படம் எடுப்பார்கள், முகம் கறுத்துப்போகும். நீங்கள் சுற்றி வந்து வடமேற்கு மூலையில் நில்லுங்கள், கல் முழுக்க மஞ்சளாகத் தெரியும். முன்பக்கப் படத்துக்கு அடுத்த நாள் காலைவெயில்தான் சரி.

யாராவது வந்து, இந்தக் கோபுரத்தின் நிழல் நிலத்தில் விழாது என்று சொல்லுவார். தலையாட்டிவிட்டு, விமானத்துக்குக் கிழக்கே மகனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள். அந்த நிழலுக்குள்ளேயே அவன் நிற்பான். இப்படியான கதைகளைப் பிடித்துப் பொய்யாக்குவது பதின்மூன்று வயதுப் பெடியனுக்கு ஏற்ற வேலை.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நீங்கள் கணித ரீச்சர் என்றபடியால் சொல்லுகிறேன். ஒரு பாகைமானி, ஒரு முழ நூல், நூல் நுனியில் கட்ட ஒரு வொஷர். இதை வீட்டிலேயே செய்து கொண்டுபோங்கள். வடக்குப் பக்கச் சுற்றுமாளிகை ஓரமாக நின்று உச்சிக் கலசத்தைப் பார்த்து ஏற்றக்கோணத்தை எடுக்கட்டும். விமானத்தின் அடிவரை எட்டு வைத்து அளக்கட்டும். அடிப்பகுதி ஏறக்குறைய 30 மீற்றர் சதுரம், அதில் பாதியைக் கூட்ட மறந்தால் விடை பிழைக்கும். தன் கண் மட்டத்து உயரத்தையும் கூட்ட வேண்டும். இரவு அறையில் அளவிடைப் படம் கீறினால் உயரம் வரும். எல்லாரும் எழுதுகிற கணக்கு 216 அடி. போன தடவை ஒரு பிள்ளைக்கு 205 வந்தது. அவன் அந்தப் பதினொரு அடிக்காகவே அடுத்த நாள் ஆறு மணிக்கு எழும்பினான்.

இரண்டாம் நாள் ஆறேகாலுக்கு வாசலில் நில்லுங்கள். இப்போது பார்க்கலாம். அம்மா வர விரும்பாவிட்டால் படுக்கட்டும், முதல் நாளே கும்பிட்டிருப்பா.

உள்ளே போகும் அவசரத்தில் எல்லாரும் இரண்டாவது கோபுர வாசலைக் கடந்து ஓடிவிடுவார்கள். முதலாவது கேரளாந்தகன் திருவாசல், இரண்டாவது இராஜராஜன் திருவாசல். அந்த இரண்டாவதில் ஒரு கால்மணித்தியாலம் நில்லுங்கள். துவாரபாலகரை அண்ணாந்து பார்த்த பிறகு, கீழே அடித்தளத்தைப் பாருங்கள். மார்க்கண்டேயர், சிவபெருமான் திருமணம், அருச்சுனன் தவம் என்று சின்னச் சின்னச் சிற்பமாக ஓடும். சைவநெறிப் புத்தகத்தில் படித்த கதைகள், பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

பிறகு விமானத்தின் அடிப்பகுதியில் எழுத்தைத் தேடுங்கள். கல்வெட்டு என்றால் எங்கோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்று நினைக்கிறோம். இங்கே கோயிலே கணக்குக் கொப்பி. 1010இல் கோயிலை முடித்த இராஜராஜன் தன் வாயால் சொன்னது போலவே வெட்டியிருக்கிறது: தான் எடுப்பித்த கற்றளிக்கு (கல்லால் கட்டிய கோயிலுக்கு) "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று. அக்கன் என்பது குந்தவை. 'குடுத்தன' என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள், மல்லாவிச் சந்தியில் நாங்கள் இன்றைக்கும் அப்படித்தானே சொல்லுகிறோம். எழுத்து வடிவம் பழையது, முழுக்க வாசிக்க வராது. ஆனாலும் த, ட, ப, ம போன்றவை பிடிபடும். விரலால் தடவ வேண்டாம், கண்ணால் மட்டும்.

உங்கள் மகளுக்கு ஒரு செய்தி. இந்தக் கோயிலுக்கு ஆடுவதற்கென்று சோழநாட்டுக் கோயில்களில் இருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (எந்தப் பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு வருடத்துக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆடற்காரிகளின் விலாசம் அது.

அவள் கட்டாயம் கரணச் சிற்பங்களைக் கேட்பாள். கரணம் என்பது நாட்டிய நூல் சொல்லும் ஆடல்நிலை, மொத்தம் 108. விமானத்தின் மேல்தளத்து உட்சுற்றில் 81 கரணங்கள் செதுக்கியிருக்கிறது, 108இல் மிச்சத்துக்கு வெற்றுக் கல் விட்டிருக்கிறது. அங்கே பொதுமக்களை விடமாட்டார்கள். கீழ்த்தளத்து உட்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களுக்கும் அதே கதைதான். நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தவற்றை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். வெள்ளை யானையில் கயிலாயம் போகும் சுந்தரர் அதில்தான் இருக்கிறார். வாசலில் நின்று கெஞ்சி நேரத்தை வீணாக்காமல், கோயில் வளாகத்துக்குள்ளேயே உள்ள விளக்கக்கூடத்துக்குப் போங்கள், படங்கள் வைத்திருக்கிறார்கள். கல்லில் கரணம் பார்க்க வேறு இடம் இருக்கிறது, மூன்றாம் நாளில் சொல்லுகிறேன்.

நந்தியை எல்லாரும் பார்ப்பார்கள். வடமேற்கில் இருக்கும் சுப்பிரமணியர் கோயிலைத்தான் விட்டுவிடுவார்கள். அது சோழர் வேலை இல்லை, நாயக்கர் காலம். கல்லில் தங்க வேலை செய்தது மாதிரி இருக்கும். பெரிய விமானத்தின் பலத்தைப் பார்த்த கண்ணோடு அதைப் பார்த்தால் அறுநூறு வருட இடைவெளி ஒருவர் சொல்லாமலே விளங்கும்.

ஒன்பதரைக்கு வெளியே வந்து சாப்பிட்டு, பத்து மணிக்கு அரண்மனை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் களைக்கிறார்கள். மண்டபம் மண்டபமாக இழுபட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு சீட்டு எடுத்து, கடைசியில் எது பார்த்தோம் என்று தெரியாமல் வெளியே வருவார்கள். நீங்கள் இரண்டுக்கு மட்டும் போங்கள். ஒன்று கலைக்கூடம், மற்றது சரஸ்வதி மகால் என்ற பழைய நூலகத்தோடு சேர்ந்த சிறிய காட்சியகம்.

கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு நேரே போய், திருவெண்காட்டில் இருந்து வந்த ரிஷபவாகன தேவரைக் கேளுங்கள். 1011இல் வார்த்தது. சிவன் ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே போட்டு, ஒரு கையை ஏதோ ஒன்றின் மேல் சும்மா சாய்த்தபடி நிற்பார். அந்த ஏதோ ஒன்று அங்கே இல்லை. காளை தொலைந்து போயிற்று. ஆனால் அந்த முழங்கையைப் பாருங்கள், மணிக்கட்டைப் பாருங்கள். மாட்டின் முதுகில் கை போட்டுக்கொண்டு வயல் வரம்பில் நிற்கும் ஒருவரை எங்கள் ஊரில் எத்தனை தரம் கண்டிருக்கிறோம்? அதே கை. இல்லாத காளையின் உயரம்கூட அந்தக் கையை வைத்துச் சொல்லலாம். தலைப்பாகை மாதிரிச் சுற்றியிருக்கும் சடையைப் பின்னால் போயும் பாருங்கள். மகளை அந்த நிலையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றுக்கு இருபது நிமிடம் கொடுத்தால் மற்றச் சிலைகளை வேகமாகக் கடந்தாலும் குறையில்லை.

சரஸ்வதி மகாலில் ஏடுகளை மகன் பார்க்கமாட்டான். சீனாவில் குற்றவாளிகளுக்குக் கொடுத்த தண்டனைப் படங்களும், மனித முகத்தை மிருக முகத்தோடு ஒப்பிட்டுக் கீறிய பிரெஞ்சுப் படங்களும் அங்கே இருக்கின்றன. அதில் ஒட்டிக்கொண்டு நிற்பான். இரண்டாம் சரபோஜி மன்னர் அப்படி எல்லாவற்றையும் சேர்த்தவர், கண் நோயாளிகளின் கண்ணைக்கூடப் படமாக எழுதிப் பதிவு வைத்தவர்.

மத்தியானம் அறைக்குப் போய்ப் படுங்கள். உண்மையாகத்தான். இலைச்சாப்பாட்டில் உறைப்புக் காணாது என்று அம்மா சொல்லுவா. ஒரு சின்னப் போத்தலில் இடிச்சம்பல் கொண்டுபோங்கள், பயணம் அரைவாசி சுகமாகிவிடும்.

மூன்றாம் நாள் திருநள்ளாறு போகும் வழியில் தாராசுரம் வருகிறது. அதனால்தான் அதை வெட்டவில்லை. தஞ்சாவூரில் இருந்து நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. காலை எட்டரைக்கு அங்கே நிற்கிற மாதிரி வெளிக்கிடுங்கள். வட்டக்கச்சி ஐயா கேட்ட தேர்ச்சில்லுக் கோயில் இதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜன் கட்டியது. 1987இல் பெரிய கோயிலை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ, 2004இல் இதையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதோடு சேர்த்தது. சில்லையும் குதிரையையும், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தையும் எல்லாரும் காட்டுவார்கள். நீங்கள் விமானத்தின் அடியைச் சுற்றி நாயன்மார் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொன்றும் சாண் அளவுச் சிற்பம், பக்கத்தில் பெயர் வெட்டியிருக்கும். கண்ணப்பர், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டது எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்குக் குனிய இயலாது, ஆனால் கதை அம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் குனிந்து பார்த்துச் சொல்ல, அம்மா நிமிர்ந்து நின்று கதை சொல்லட்டும்.

அங்கிருந்து கும்பகோணம் பக்கத்தில்தான். சாரங்கபாணி கோயில் கோபுரத்தின் கீழ்நிலையில் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. மகளுக்கு அரை மணித்தியாலம், உங்களுக்கு ஒரு கோப்பி. பிறகு திருநள்ளாறு. நேர்த்தி சனிக்கிழமைக்குத்தான் என்று இல்லாவிட்டால் வேறு கிழமையில் போங்கள், சனிக்கிழமைச் சனத்துக்குள் அம்மா நிற்கமாட்டா.

திகதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். தஞ்சாவூரில் நிற்கும் பின்னேரம் பிரதோஷமாக இருந்தால் நந்தி அபிஷேகத்துக்கு ஊரே திரளும். கும்பிட நல்ல நாள், சுற்றிப் பார்க்க ஆகாது.

அறை எடுக்கும் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லுகிறேன். ஒரு தரம் இரவு பத்து மணிக்கு, போனில் பேசி ஒழுங்குபடுத்திய ஒரு லொட்ஜில், இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்றுவிட்டார்கள். வெளிநாட்டார் தங்கினால் விடுதிக்காரர் அரசாங்கத்துக்குப் பதிய வேண்டும், சின்ன இடங்கள் அந்தக் கரைச்சலை விரும்புவதில்லை. பதிவு செய்யும்போதே 'இலங்கைக் கடவுச்சீட்டு' என்று சொல்லி, சரி என்று எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டு, விசாப் பிரதிகள் ஆளுக்கு நாலு கையில் இருக்கட்டும். அறை பழைய பஸ் நிலையத்துப் பக்கம் இருந்தால் நல்லது, பெரிய கோயிலும் அரண்மனையும் கிட்ட. புதிய பஸ் நிலையம் ஊருக்கு வெளியே, தினமும் ஓட்டோவுக்குக் காசு போகும்.

அங்கே தேத்தண்ணிக் கடையில்கூட போனைக் காட்டித்தான் காசு கட்டுவார்கள். எங்களுக்கு அது லேசில் சரிவராது, சில்லறை நோட்டாக மாற்றி வைத்திருங்கள். மூன்றாம் நாளுக்குக் கார் பேசும்போது கிலோமீற்றர்க் கணக்கு மட்டுமா, சாரதியின் 'பேட்டா', 'டோல்' எல்லாம் சேர்த்தா என்று முதலே கேளுங்கள். எங்கள் தமிழும் சில இடத்தில் சறுக்கும். "சில்லு காத்துப் போட்டுது" என்று நான் சொல்ல, அந்தச் சாரதி கண்ணாடிச் சில்லைத் தேடினார்.

ஓவியம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டிச் செய்வது. தகடு உண்மைத் தங்கமா, சாயல் தகடா என்பதில்தான் விலை நிற்கிறது. கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கண்ணாடிச் சட்டத்தோடு வாங்கவே வேண்டாம். பலாலிக்கு வருவது சின்ன விமானம், பொதி நிறையும் மட்டு. ஓரடிக்கு உட்பட்ட படமாகச் சட்டம் இல்லாமல் எடுத்து, இரண்டு சேலைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து, சட்டத்தைக் கிளிநொச்சியில் போடுங்கள். தலையாட்டிப் பொம்மை மலிவு, மகனின் ரீசேட்டுக்குள் சுற்றலாம். "பழைய சிலை" என்று ஒருவர் காதுக்குள் சொன்னால் நில்லாமல் நடவுங்கள். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை இந்தியாவில் இருந்து வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் கொடாது. விமான நிலையத்தில் மறிபடுவது வாங்கியவர்தான்.

போக முதல் நேரம் கிடைத்தால், ஒரு ஞாயிறு பிள்ளைகளைப் பொலநறுவைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாம் சிவாலயத்தைக் காட்டுங்கள். சோழர் இங்கே கட்டிய கற்றளி, வானவன்மாதேவி ஈஸ்வரம். சின்னது, ஆனால் அதே இனம். மாந்தையிலும் தாழி குமரன் என்ற சோழ அதிகாரி இராஜராஜேஸ்வரம் என்று ஒரு கோயில் எடுத்ததைக் கல்வெட்டுச் சொல்லுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கில் ஈழத்து ஊர்களும் இருக்கின்றன, கொட்டியாரம் என்ற பெயரோடு. எங்கள் பக்கத்து வயல்களும் அந்தச் செலவுக்குக் கொடுத்திருக்கின்றன என்று மகனுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னேன், முதல் செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்லுகிறேன். விசாவுக்கு எழுத முதல் நாலு கடவுச்சீட்டையும் எடுத்து முடிவுத் திகதியைப் பாருங்கள். இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். என்னிடம் வரும் குடும்பங்களில் குறைவது பெரும்பாலும் அம்மம்மாவின் கடவுச்சீட்டுத்தான். ஒரு தரம் எடுத்து அலுமாரியில் வைத்ததை அதற்குப் பிறகு ஒருவரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள்.